ஐந்து மதிப்பெண் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்ப்பது

தமிழ்த் தேர்வில் பிள்ளைகள் பயமில்லாமல் எழுதும் கேள்வி ஒன்று உண்டு. தெருவிளக்கைச் சரிசெய்யக் கோரி மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், அடக்கமாக இரண்டு பத்தி, இப்படிக்கு, இடம், நாள். கடைசியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு அதற்குள் உறைமேல் முகவரி. ஒருநாள் விடைத்தாள் திருத்தும் அறையில் பக்கத்து நாற்காலித் தமிழாசிரியை ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதைப் பாருங்க சார்" என்றார். கட்டத்தின் வலது மூலையில் அந்தப் பிள்ளை ஒரு தபால்தலை வரைந்திருந்தது. ஓரத்துப் பல் பல்லான வெட்டுகூட விட்டுப்போகவில்லை. அனுப்புவதாகவே நினைத்து எழுதிய கடிதம் அது. ஐந்துக்கு நாலரை வாங்கிக்கொண்டு கட்டோடு அலமாரிக்குள் போனது.

நான் சமூக அறிவியல் ஆசிரியன். ஆறாம் வகுப்பிலேயே மக்களாட்சி, உள்ளாட்சி என்று பாடங்கள் வந்துவிடுகின்றன. விளக்கத்தைக் கேட்டால் மளமளவென்று ஒப்பிக்கும் பிள்ளை, "உன் தெரு எந்த வார்டு?" என்றால் விழிக்கிறது. இந்த அத்தியாயம் அந்த விழிப்பிலிருந்து தொடங்குகிறது. ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு, ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு கல்வியாண்டு, வாரத்தில் ஒரு பீரியட்: இவ்வளவு கிடைத்தால் இதில் உள்ளதைச் செய்துவிடலாம். ஏழாம், எட்டாம் வகுப்புகள் இதற்கு நல்ல பருவம். ஒன்பதுக்கு மேல் பரீட்சை பிடித்துக்கொள்ளும்.

யாரைக் கேட்பது?

முதல் வாரத்து வீட்டுப்பாடம் எழுத்து வேலை அல்ல. வீட்டுச் சொத்துவரி ரசீதையும் அம்மா அப்பாவின் வாக்காளர் அட்டையையும் பார்த்து, வார்டு எண்ணையும் சட்டமன்றத் தொகுதியையும் குறித்து வரவேண்டும். வாடகை வீட்டுப் பிள்ளைகளிடம் ரசீது இருக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டு வா என்று அனுப்பி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தெருப் பெயர்ப்பலகையிலேயே பெரும்பாலும் வார்டு எண் எழுதியிருக்கும். அதைப் பார்த்து வந்தால் போதும்.

மறுநாள் கரும்பலகையில் நம் ஊரான ஸ்ரீரங்கத்தை வரையுங்கள். இரண்டு ஆறுகள், நடுவில் தீவு, தெற்கே மலைக்கோட்டை, மேற்கே முக்கொம்பு. திருச்சி மாநகராட்சியில் 65 வார்டுகள். ஸ்ரீரங்கமும் பொன்மலையும் 1994 வரை தனித்தனி நகராட்சிகள். திருச்சி மாநகராட்சி ஆனபோது இரண்டும் அதில் சேர்ந்தன. "நம்ம ஊருக்குன்னு தனி நகராட்சி இருந்துச்சு" என்று சொல்லும் தாத்தா பாட்டிகள் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இன்னும் இருக்கிறார்கள். சேர்ந்ததில் என்ன கிடைத்தது, என்ன போனது என்று அவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். அவற்றைச் சமன்செய்யாதீர்கள். ஒரே ஊரைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள், பாதிப் பாடம் முடிந்தது.

தொகுதி எண்களும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஸ்ரீரங்கம் 139, திருச்சி மேற்கு 140, திருச்சி கிழக்கு 141. ஸ்ரீரங்கம் தொகுதி தீவோடு முடிவதில்லை, காவிரித் தென்கரைக் கிராமங்களும் அதில் சேர்த்தி என்றால் பாதி வகுப்பு நம்பாது.

யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பட்டியலாக எழுதிப் போட்டால் மறந்துவிடுவார்கள். ஒரு மின்கம்பத்தின் அடியில் நிறுத்திச் சொன்னால் மறக்க மாட்டார்கள். கம்பம் மின்வாரியத்துடையது. அதில் தொங்கும் விளக்கு மாநகராட்சியுடையது. கம்பம் சாய்ந்தால் ஓர் அலுவலகம், விளக்கு எரியாவிட்டால் வேறோர் அலுவலகம். அடியில் தேங்கும் சாக்கடைக்குக் கவுன்சிலரைக் கேட்கலாம். பாடப்புத்தகம் வரவில்லை என்றால் அது மாநில அரசு, எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசலாம். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒரு ரயில் நிற்கவேண்டும் என்றால் எம்.பி.யிடம் போகவேண்டும்.

அடுத்து ஒரு கேள்வியை வீட்டுக்கு அனுப்புங்கள்: 2018இல் நம் வார்டு கவுன்சிலர் யார்? பெற்றோர் யோசித்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். சரியான பதில், யாருமில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் தமிழகத்தின் நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். குப்பை வண்டி வந்தது, தண்ணீர் வந்தது. ஆனால் "என் ஓட்டை வாங்கிக்கொண்டு போனீங்களே, என்ன ஆச்சு?" என்று வாசலில் நிறுத்திக் கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த ஐந்தாண்டில் ஊரில் பலருக்கு அது பெரிதாக உறைக்கவே இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, வகுப்பில் அதை மறைப்பதில்லை. ஒரு பிள்ளை, "அப்போ கவுன்சிலர் இல்லாமலே ஊர் நடக்குமா சார்?" என்று கேட்கும். அந்த பீரியடை அப்படியே அதற்கு விட்டுவிடுங்கள்.

மூன்று கடிதங்கள்

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். வேறோர் ஊரில் வேலை பார்த்தபோது நான் முதன்முதலாகச் செய்து பார்த்தது இது. அதில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். மூன்று குறைகளைத் தேர்ந்தெடுத்தோம். பள்ளிக்கு வரும் சந்தில் விளக்கில்லை. பள்ளி வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் வண்டிகள் வேகமாகப் போகின்றன. பக்கத்துத் தெருக் குழாயில் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. மூன்று கடிதம், மூன்று உறை. தெரு முனைத் தபால்பெட்டி வரை வரிசையாகப் போய்ப் போட்டோம். ஒரு மாதம், இரண்டு மாதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிள்ளைகள் தினமும் கேட்டதுபோய், வாரம் ஒருமுறை கேட்டதுபோய், கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. எழுதினால் ஒன்றும் நடக்காது என்ற பாடத்தை அல்லவா நானே நடத்திவிட்டேன்!

கடிதத்தின் நகலை எடுத்து வகுப்பில் மறுபடி படித்தோம். விளக்குக் கடிதத்தில், "எங்கள் தெருவில் உள்ள விளக்குகள் பல நாட்களாக எரிவதில்லை. இதனால் பெரியோர்களும் குழந்தைகளும் மிகுந்த சிரமத்துக்கு ஆளாகின்றனர்" என்று இருந்தது. தேர்வில் எழுதும் அதே வாசகம். படிப்பவர் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா எலக்ட்ரீசியன். "சார், கம்பத்துல நம்பர் இருக்கும்" என்றான். எல்லாரும் மத்தியானம் போய்ப் பார்த்தோம். ஆள் உயரத்துக்கு மேலே, வெள்ளைப் பெயிண்டில், பாதி உதிர்ந்த எண். சுவரொட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டித்தான் கடைசி இலக்கத்தைப் படிக்க முடிந்தது.

இரண்டாம் கடிதத்தில் கம்ப எண், விளக்கு அணைந்த தேதி, அந்த வழியாக மாலை ஆறு மணிக்கு மேல் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதினோம். தபாலில் போடாமல் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். மூன்று வாரத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் வேகத்தடை வேண்டும் என்ற மனுவுக்கு, அந்தச் சாலை வேறு துறையுடையது என்று ஒருவரிப் பதில் வந்தது. தண்ணீர் மனுவுக்குக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

மூன்றில் ஒன்று. நான் சோர்ந்திருந்தேன். பிள்ளைகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு நடந்துச்சுல்ல சார்" என்றார்கள். ஆகவே சில நடைமுறைக் குறிப்புகள்.

குறை சின்னதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக, ஒரே அலுவலகத்தின் கையில் இருப்பதாக இருக்கட்டும். காவிரியைச் சுத்தம் செய்யக் கோரி எழுதாதீர்கள்; அம்மா மண்டபம் படித்துறையில் எந்தப் படிக்கட்டருகே குப்பைத்தொட்டி இல்லை என்று எழுதுங்கள். எழுதுமுன் ஒரு வாரம் எண்ணுங்கள், அளந்து பாருங்கள். சாலைக் குறை என்றால், பள்ளி விடும் அரைமணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று நாலு பிள்ளைகள் வாசலுக்கு உள்ளே நின்று கோடு போட்டு எண்ணட்டும். அளந்து எழுதிய கடிதத்தைப் படிப்பவர் ஒதுக்கிவைக்கக் கூச்சப்படுவார்.

எங்கே கொடுப்பது? உங்கள் மண்டல அலுவலகத்தில் கொடுக்கலாம். பாரதிதாசன் சாலையில் உள்ள மாநகராட்சி மைய அலுவலகத்தில் கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. நகரங்களுக்குப் பகுதி சபைக் கூட்டங்களும் வந்துவிட்டன. தமிழகத்தில் முதன்முதலாக 2022 நவம்பர் 1 அன்று அவை கூடின. கொள்ளிடத்துக்கு அப்பால் ஊராட்சிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெற்றோரோடு போய் உட்கார்ந்து பார்த்து வரச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. 2012இல் லக்னோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் தேசத்தந்தை என்ற பட்டத்தை யார் எந்த உத்தரவில் கொடுத்தார்கள் என்று இந்தச் சட்டத்தில் கேட்டாள். அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று அரசு பதில் சொல்ல வேண்டிவந்தது. இந்தக் கதையைச் சொன்ன வாரம் என் வகுப்பில் ஆளுக்கொரு மனு எழுதினார்கள்.

குடமும் ஓலையும் பொத்தானும்

மனுவை யார் எடுத்துப்போவது, யார் அலுவலகத்தில் பேசுவது என்ற கேள்வி வரும்போது வகுப்புத் தேர்தலை வையுங்கள். பல பள்ளிகளில் ஜூலையில் தேர்தல் வைத்து, பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுத்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். லீடரின் வேலை பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது என்றாகிவிடுகிறது. அது காவல்காரர் வேலை. முதலில் வேலை இருக்கவேண்டும், பிறகுதான் அதற்கு ஆள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் ஆரம்ப நாட்களில் ஒரு பள்ளியில் நடந்த மாணவர் தலைவர் தேர்தலில் நாங்கள் எதிர்பாராத ஒரு பையன் ஜெயித்தான். படிப்பில் சுமார், வாய் அதிகம். ஆசிரியர்கள் கூடிப் பேசி, இரண்டாவதாக வந்த பிள்ளையைத் தலைவராக அறிவித்தோம். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன், எதிர்த்துப் பேசவில்லை. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஓட்டுச்சீட்டு கொடுத்தபோது வாங்கி மடித்து, ஒன்றும் எழுதாமல் பெட்டியில் போட்டான். அதை நான் பார்த்தேன். முடிவை ஏற்கும் மனம் இல்லையென்றால் தேர்தல் வைக்காதீர்கள். நீங்களே ஒருவரை நியமித்துவிடுங்கள், அது நேர்மை.

தேர்தல் வைக்கும் நாளில் குடவோலையைப் பற்றிச் சொல்வது வழக்கம். சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது அந்தக் கால வார்டுகளிலும், தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும், ஏதும் ஒளித்துவைக்க முடியாதபடி. உரக்கப் படிக்கவேண்டும். இப்படித் தேர்ந்த முப்பது பேரும் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து 360 நாள் வேலை பார்த்தார்கள்.

பிள்ளைகளுக்கு இதை நடித்துப் பார்ப்பதில் அவ்வளவு ஆசை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. இது வாக்களிப்பு இல்லை, திருவுளச்சீட்டு. எத்தனை பேர் உன்னை விரும்புகிறார்கள் என்ற கணக்கே இதில் கிடையாது. இரண்டாவது, குடத்துக்குள் யார் பெயரெல்லாம் போகவில்லை என்பது. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊரின் ஆண்களுக்கு மட்டுமே அது. பெண்கள் இல்லை, உழுதவர்கள் இல்லை. "எங்க பேரு குடத்துல இருந்திருக்குமா சார்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இருந்திருக்காது என்றேன். "உங்க பேரு?" என்றாள். என் பேரும் இருந்திருக்காது. ஆயிரம் ஆண்டுப் பெருமையைச் சொல்லும்போது இந்தப் பதிலையும் சேர்த்துச் சொன்னால், இன்று பதினெட்டு வயதான எல்லாருக்கும் இருக்கும் ஓட்டின் எடை பிள்ளைக்குத் தெரியும்.

அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்துக்குள் வரமுடியாது. அவர் நெருங்கிய உறவினரும் வரமுடியாது. இதை வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நான் இப்போது செய்வது இது. லீடர் ஒருவருக்கு ரகசிய வாக்கெடுப்பு. தண்ணீர், தோட்டம், கணக்கு என்ற மூன்று வாரியங்களுக்குக் குடவோலை. எல்லாப் பிள்ளைகளின் பெயரும் குடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் குலுக்கல். காரணம் இருக்கிறது. ஓட்டு என்று வைத்தால் ஆண்பிள்ளைகள் ஆணுக்கும், ஒரு தெரு அந்தத் தெருப் பிள்ளைக்கும் போட்டுவிடுவது வகுப்பறையிலும் நடக்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் போடுவதும் நடக்கிறது. பள்ளிகளில் சாதி அடையாளங்களைத் தடுக்கவேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது சும்மா இல்லை. யாரும் பெயர் முன்மொழியாத பிள்ளை, தானாக ஒருநாளும் எழுந்து நிற்காத பிள்ளை, குடவோலையில் தண்ணீர் வாரியத்துக்கு வந்து, குழாயடியில் வரிசை பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் அதன் பெயரை மற்றவர்களே சொன்னார்கள்.

ரகசிய வாக்கெடுப்புக்கு முதல் வருடம் காகிதச் சீட்டே நல்லது. வாக்காளர் பட்டியலைப் பிள்ளைகளே எழுதி மூன்று நாள் சுவரில் ஒட்டட்டும்; விட்டுப்போன பெயர் கட்டாயம் இருக்கும், அதைச் சேர்ப்பதும் பாடம். அட்டை மறைப்பு, விரலில் மை, எண்ணும்போது இரு வேட்பாளரின் ஏஜெண்டுகள். இரண்டாம் வருடம் செல்போன் செயலியில் வாக்கு இயந்திரம் வைக்கலாம்.

இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு செய்தி உண்டு. எழுத்தாளர் சுஜாதா இந்த வீதிகளில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்; இங்கேயே ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தவர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு. கூடவே பரவூர்க் கதையையும் சொல்லிவிடுங்கள். 1982இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரம் என்று இல்லை என்று 1984இல் உச்சநீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. ஜோஸ் ஜெயித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் இயந்திரம் திரும்ப வந்தது. இன்று கட்டுப்பாட்டுக் கருவியோடு விவிபாட் இருக்கிறது. நீ போட்ட சின்னம் ஏழு விநாடி சீட்டில் தெரிகிறது. எது நல்ல இயந்திரம் என்பதைவிட, தோற்றவர் சந்தேகம் கேட்க இடமிருக்கிறதா என்பதில் வகுப்பு நிற்கட்டும். உங்கள் வகுப்புத் தேர்தலிலும் மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எடுக்காவிட்டாலும் பிள்ளைகள் எடுப்பார்கள். "எங்க வீட்டுல வாங்குனாங்க சார்" என்று ஒரு பிள்ளை வெள்ளந்தியாகச் சொல்லும். அந்தப் பிள்ளையின் வீட்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். திருச்சிக்கு மேற்கே அரவக்குறிச்சி, கிழக்கே தஞ்சாவூர். 2016 மே மாதம் தமிழகம் முழுக்க ஓட்டுப் போட்டபோது இந்த இரண்டு தொகுதி மக்கள் மட்டும் போடமுடியவில்லை. பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலை ரத்து செய்து, நவம்பரில் நடத்தியது. ஆறு மாதம் அவர்களுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. இதைச் சொன்னால் போதும். வகுப்புத் தேர்தலில் சாக்லேட் கொடுக்கக்கூடாது என்ற விதியை அவர்களே கொண்டுவருவார்கள்.

ஓர் ஓட்டு என்ன செய்யும் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அதே 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு வகுப்பறை அளவு.

ஓட்டு இல்லாதவர்கள் செய்தது

"எங்களுக்கு இன்னும் ஓட்டே இல்லையே, நாங்க ஏன்?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் திருச்சியிலேயே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் பதினைந்து நாள் நடை, ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவருக்குச் சிறை, அபராதம் என்று அறிவித்தார். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. மரத்தில் சோறு இருந்தது, நடந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. பொட்டலம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது ஓட்டே இருந்திருக்காது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "நீ என்ன செய்திருப்பாய்?" என்று மட்டும் கேட்டு எழுத விடுங்கள். ஒரு பிள்ளை, எந்த மரத்தில் கட்டினால் போலீஸுக்குத் தெரியாது என்று படம் போட்டே காட்டியது.

பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லுங்கள். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921இல், அதுவும் சொத்துள்ளவர்களுக்கு. ஆறே ஆண்டில், 1927இல், அவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். இன்று தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு.

ஒதுங்கி நிற்பதையும் பேசவேண்டும். இலங்கையில் 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி, ஆசியாவிலேயே முதலாக, ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், முழு சுயராஜ்யம் தராத அமைப்பு வேண்டாம் என்று பகிஷ்கரிக்க அழைத்தது. வடக்கில் நான்கு தொகுதிகளில் யாரும் வேட்புமனு போடவில்லை. அந்த நாலு நாற்காலியும் 1934 வரை அரசுக் கழகத்தில் காலியாகக் கிடந்தன. அந்த இளைஞர்களின் இலட்சியத்தை நான் மதிக்கிறேன். உப்பெடுக்கப் போனவர்களின் அதே காற்று அங்கேயும் வீசியது. ஆனால் அந்த மூன்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் பற்றிய முடிவுகள் யாழ்ப்பாணத்தவர் இல்லாமல் எடுக்கப்பட்டன. எட்டாம் வகுப்பில் இதை வைத்து வழக்காடு மன்றம் நடத்தலாம். தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் சென்னையில் நூற்றுக்குச் சுமார் 44 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் அன்று சொல்லலாம். பகிஷ்கரிப்பதும் போகாமல் இருப்பதும் ஒன்றா என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து, "பிள்ளைக்கு அரசியல் எல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. கட்சிப் பெயர், தலைவர் பெயர், நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்பது எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. அதில் கண்டிப்பாக இருங்கள். பிறகு அவர்களையே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அழையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிவறைக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்கும் இடம் அது. ஓர் அம்மா அங்கே எழுந்து ஒரு கேள்வி கேட்டதை அவர் பிள்ளை ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

மேல்நிலை வகுப்பு உள்ள பள்ளி என்றால், பிளஸ் டூ பிள்ளைகள் 17 வயது முடிந்ததுமே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைந்தவர்களின் பெயர் அந்தந்தக் காலாண்டில் பட்டியலில் ஏறும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே அண்ணன் அக்காக்களுக்குப் படிவம் நிரப்ப உதவட்டும்.

கணக்கு நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். செலவு அறுபது ரூபாய்க்குள் முடியும். இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் நடந்தது. மனு எண், தேதி, யாரிடம் கொடுத்தோம், முத்திரையுள்ள நகல் எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வாரியங்கள் மாதக் கடைசி வெள்ளியன்று எழுந்து நின்று இதைப் படிக்கவேண்டும். நடக்காததை மறைக்கக்கூடாது, "கேட்டோம், பதில் இல்லை, அடுத்த திங்கள் மறுபடி போவோம்" என்று படித்தால் போதும். தோட்ட வாரியம் வாங்கிய வாளிக்கு ரசீது இல்லையென்றால் அடுத்த குலுக்கலில் அந்தப் பெயர் குடத்தில் இல்லை. இரண்டாவது மாதத்திலேயே ரசீதுகளைக் குண்டூசியில் குத்தி வைத்திருப்பார்கள்.

ஏப்ரலில் வகுப்பு கலையும்போது நோட்டு ஆசிரியர் அறைக்குப் போகக்கூடாது. பழைய லீடர் அதைப் புது ஏழாம் வகுப்பு லீடரிடம் கொடுத்து, முடியாமல் நிற்கும் பக்கங்களை விரல் வைத்துக் காட்டவேண்டும். என் மேசையில் இப்போது இருப்பது நாலாவது நோட்டு. பதினோராம் பக்கத்தில் குழாயடி மேடை மனு, வலப்பக்கம் இன்னும் காலி. பென்சிலில் யாரோ அடுத்த திங்கட்கிழமையின் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.